கையெழுத்துக்குக் கீழே மூன்று விரல் இடம்

தாவரவியலில் முதுகலை, முதல் வகுப்பு. இந்தத் தகுதியோடு அவள் ஒரு பூட்டுக் கம்பெனியின் பணியாளர் பிரிவில் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவள் படிப்புக்குச் சம்பந்தமான பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜன்னலோரத் தொட்டிச் செடி. முதல் நாள் ஆசையாகப் போய் இலையைத் தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக்.

"தண்ணி ஊத்திடாதே. வெள்ளிக்கிழமை துணியால துடைச்சா போதும்" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. "ஆமா, உன் பேரு என்ன?"

அவள் சொன்னாள். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. "மூணு மாசத்துக்குத்தானே வந்திருக்கே? இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரையும் டெம்பரரின்னுதான் கூப்பிட்டோம். உன்னையும் அப்படியே கூப்பிடறோம். பேரைப் பழகிக்கிட்டா அப்புறம் போறப்ப மனசு கஷ்டமாயிருக்கு."

இப்படியாக அந்த அறையில் அவளுக்கு டெம்பரரி என்ற பெயர் நிரந்தரமானது.

அவளுக்குக் கொடுத்த வேலை ஓர் இரும்பு அலமாரி. அதன் பூட்டு வேறு கம்பெனியுடையது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்ளே மூன்று வருடத்து வேலை விண்ணப்பங்கள், அறுநூற்று நாற்பது. கம்பெனியை ஆரம்பித்த பெரியவர், நம்மைத் தேடி வரும் கடிதம் எதுவும் பதில் இல்லாமல் போகக் கூடாது, ஏழு நாளுக்குள் பதில் போக வேண்டும் என்று ஒரு விதி எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். வந்த விண்ணப்பங்களுக்கு ஒழுங்காக எண் போட்டார்கள். எண் போட்டதை அலமாரியில் வைத்தார்கள். அலமாரி இருந்த இடம் சட்டத்துக்கு நேர் கீழே. ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் எதற்கோ அலமாரியைத் திறக்க, மூன்று வருடமும் அவர் காலில் சரிந்து விழுந்தது.

"எல்லாத்துக்கும் பதில் போகணும்" என்றார் பிரிவுத் தலைவர். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா வைத்திருக்கும் மனிதர். கறுப்பு எழுத, சிவப்பு அடிக்க, பச்சை கையெழுத்துப் போட. அச்சடித்த தாள் கட்டு ஒன்றை அவள் மேஜையில் வைத்தார். "இதுதான் வருத்தக் கடிதம். மேல பேரு, விலாசம், எண். கீழே மேலாளருக்காகன்னு நீயே ஒரு கையெழுத்து. வேற ஒண்ணும் வேணாம். அலமாரி எப்பக் காலியாகுதோ அப்ப உன்னை நிரந்தரம் பண்றதைப் பத்தி மேல பேசறேன்."

அவர் போனதும் டைப்பிஸ்ட் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். "நல்லாக் கேட்டுக்கோ. அலமாரி காலியானா இங்க உனக்கு என்ன வேலை?"

அவள் யோசித்தாள். "ஒண்ணும் இல்லைக்கா."

"வேலை இல்லாத ஆளை யாராவது நிரந்தரம் பண்ணுவாங்களா?"

"மாட்டாங்க."

"முதுகலைன்னா முதுகலைதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு வருஷம் ஆச்சு. மெதுவாப் பண்ணு."

நிரந்தரம் என்ற சொல் அவளுக்கு வெறும் சொல் இல்லை. வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொன்னவள், மூன்று மாதத்துக்கு என்பதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டாள். அப்பா தண்ணீர் மோட்டார் மெக்கானிக். இரண்டு வருடமாக வேலை தேடும் மகளைப் பற்றி யார் கேட்டாலும் மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்ட மனிதர், இப்போது கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு ஆளுங்களை வேலைக்கு எடுக்கிற இடத்துல இருக்கா." எடுக்காமல் விடுகிற இடத்தில் இருக்கிறேன் என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? நிரந்தரமாகிவிட்டால் போதும், சொன்ன பொய் தானாக உண்மையாகிவிடும் என்று தினமும் காலையில் கடவுளிடம் வேண்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பொய்யை உண்மையாக்கித் தரச் சொல்லிக் கடவுளிடம் கேட்கலாமா என்ற சந்தேகமும் அவளுக்கு இருந்தது. கேட்டுவிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

வருத்தக் கடிதத்தில் நான்கே வரிகள். தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. இரண்டு வருட முன் அனுபவம் இல்லாத காரணத்தால் தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. இதற்காக வருந்துகிறோம். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.

முதல் பத்துக் கடிதங்களை மளமளவென்று முடித்தாள். பதினொன்றாவது உறையை எடுத்தபோதுதான் கவனித்தாள், அது இன்னும் ஒட்டியபடியே இருந்தது. எண் உறையின் மேல் போட்டிருந்தது. அலமாரியில் பாதிக்கு மேல் அப்படித்தான். பிரிக்காத உறையைக் கையில் வைத்துக்கொண்டு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட அவளுக்குக் கை வரவில்லை. வீட்டில் ஒரு பொய் சொல்லியாயிற்று. அலுவலகத்தில் அறுநூற்று நாற்பதா?

அச்சடித்த வரியை அடிக்க முடியாது. அதை உண்மையாக்க முடியும். உறையைப் பிரித்து முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஒருவரின் விண்ணப்பத்தை முழுவதும் படித்துவிட்டால் அவர் எண்ணாக இருப்பதில்லை. ஒரு பையன் பொழுதுபோக்கு என்ற இடத்தில், பக்கத்து வீடுகளின் குடைகளைச் சரிசெய்து கொடுப்பேன் என்று எழுதியிருந்தான். ஒரு பெண் கல்லூரியில் மூன்று வருடம் ரத்த தான முகாம் நடத்தியதைக் கடைசி வரியில், மன்னிப்புக் கேட்பதைப் போல எழுதியிருந்தாள். இவர்களுக்கு வெறும் வருத்தம் தெரிவித்து எப்படி அனுப்புவது? கடிதத்தில் அவள் கையெழுத்துக்குக் கீழே மூன்று விரல் இடம் சும்மா கிடந்தது. அந்த இடத்தில் சிறிய எழுத்தில் எழுதினாள்: ரத்த தான முகாம் பற்றிய வரியை அடுத்த விண்ணப்பத்தில் முதலில் எழுதுங்கள். அதற்குப் பெயர்தான் அனுபவம்.

குடைப் பையனுக்கு: உங்களைப் போல ஒருவர் எங்கள் தெருவில் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. மனம் லேசாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்த மூன்று விரல் இடத்தில் ஒரு வரியோ இரண்டு வரியோ. ஒரே ஆள் பதினொரு முறை விண்ணப்பித்திருந்தார். பதினொரு வருத்தக் கடிதமும் போயாக வேண்டும். முதல் பத்தில் பத்து விதமாக எழுதினாள். பதினொன்றாவதில், உங்கள் கையெழுத்து முதல் விண்ணப்பத்தைவிட இப்போது எவ்வளவோ தேறியிருக்கிறது என்றுதான் எழுத முடிந்தது. அதுவும் உண்மைதான்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கடிதத்துக்கு மேல் நகரவில்லை. டைப்பிஸ்ட் அக்கா தன் யோசனை வேலை செய்வதாக நினைத்து அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் நானூற்றுப் பன்னிரண்டாம் உறையை எடுத்தாள். விலாசம் எழுதியிருந்த எழுத்தைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த எழுத்து என்று தோன்றியது. அவளுடையதுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே கம்பெனிக்கு முறைப்படி விண்ணப்பித்ததை அவள் மறந்தே போயிருந்தாள். எத்தனை இடத்துக்குப் போட்டாள், எதை நினைவில் வைத்துக்கொள்ள? இந்த டெம்பரரி வேலை பின்னாளில் வேறு வழியில், பஸ்ஸில் கேள்விப்பட்டு நேரே வந்து கேட்டுக் கிடைத்தது. அவள் போட்ட விண்ணப்பமோ அலமாரிக்குள் பிரிக்கப்படாமல் அவளுக்காகவே காத்திருந்தது.

பிரித்தாள். 'ஐயா, தாங்கள் எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன், சீக்கிரம் கற்றுக்கொள்வேன், தங்களுக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன்.' தொந்தரவாக இருக்க மாட்டேன் என்று வேலை கேட்பவள் எவளாவது எழுதுவாளா? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

"அக்கா, இது என்னோடதுதான். எடுத்து வெச்சுக்கட்டுமா?"

"பதிவேட்டுல நானூத்திப் பன்னிரண்டுன்னு ஏறியிருக்குமே. பதில் போன தேதி எழுதலேன்னா சிவப்புப் பேனா எறங்கிடும்." அக்கா எட்டிப் பார்த்தாள். "உனக்கு ரெண்டு வருஷ அனுபவம் இருக்கா?"

"ரெண்டு மாசம் இருக்கு."

"அப்ப வருத்தம்தான். போட்டு அனுப்பு. உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நானூற்றுப் பதினோரு முறை இல்லை என்று எழுதிய கை, தன் பெயர் வந்ததும் நழுவப் பார்க்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. தன் பெயரை எழுதினாள். தன் விலாசத்தை எழுதினாள். மேலாளருக்காகக் கையெழுத்துப் போட்டாள். மூன்று விரல் இடத்தில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுதினாள்: பயந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு பயப்பட ஒன்றும் இல்லை.

தபால் எப்படியும் சனிக்கிழமைதான் வரும், அன்று அவளுக்கு விடுமுறை, வாசலிலேயே நின்று வாங்கிவிடலாம் என்பது கணக்கு. சனிக்கிழமை காலையிலிருந்து வாசலில் நின்றாள். வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. தொலைந்துபோயிருக்கும், கடவுள் கண் திறந்தார் என்று நினைத்துக்கொண்டாள். கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது என்பதும், அன்று மோட்டார் எதுவும் கெடாததால் அப்பா வீட்டில் இருந்தார் என்பதும் அவளுக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை மாலை அப்பா கேட்டது ஒன்றுதான்.

"ஆபீஸ்ல எல்லாம் நல்லாப் போகுதாம்மா?"

"போகுதுப்பா."

"சரிம்மா" என்றார். அடுத்த வாரத்திலிருந்து மகள் ஆளெடுக்கிற இடத்தில் இருப்பதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை என்பதை அவள் கவனித்திருந்தால் ஏதாவது புரிந்திருக்கும். கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்த தபால் பையைப் பார்த்து டைப்பிஸ்ட் அக்கா, "இது என்னடி கூத்து" என்றாள்.

முப்பத்தேழு கடிதங்கள். எல்லாமே நன்றிக் கடிதங்கள். வேலை இல்லை என்று சொன்னதற்கு நன்றி. குடைப் பையன் எழுதியிருந்தான், உங்கள் தெருவின் பெயரைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று. பதினொரு முறை விண்ணப்பித்தவர் பதினொரு நன்றிக் கடிதங்களை அனுப்பியிருந்தார், தனித்தனி உறையில்.

பிரிவுத் தலைவர் ஒரு கடிதத்தைப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். அவள் மேஜைக்கு வந்து, அனுப்பாமல் இருந்த வருத்தக் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்துக் கையெழுத்துக்குக் கீழே பார்த்தார்.

"இதுல எழுதலாம்னு யாரும்மா சொன்னது?"

"எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலை சார். இடம் இருந்தது."

"இடம் இருந்தா எழுதிடறதா? அது காகிதம் அழகா இருக்கணும்னு விட்ட இடம்மா." அவர் குரலை உயர்த்தவில்லை; உயர்த்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "மாசக் கடைசியில அலமாரி காலின்னு மேல எழுதிக் கொடுத்துட்டேன். காலி பண்ணச் சொன்னா ரொப்பிக்கிட்டு இருக்கே. உனக்காக மேல பேசலாம்னு இருந்தேன். இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசறது? இந்த மாசத்தோட சரிம்மா."

அவள் தலையை ஆட்டினாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

பிரிவுத் தலைவர் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தார். பாதி வழியில் நின்றார். சுவரைப் பார்த்தார். நம்மைத் தேடி வரும் கடிதம் எதுவும் பதில் இல்லாமல் போகக் கூடாது.

"நன்றிக் கடிதத்துக்குப் பதில் போடறதுக்குத் தாள் ஏதாவது இருக்கா?" என்று டைப்பிஸ்ட் அக்காவைக் கேட்டார்.

"இத்தனை வருஷத்துல நமக்கு யாரு சார் நன்றி சொல்லியிருக்காங்க?"

"இதுக்குப் பதில் போட்டா, அதுக்கும் நன்றின்னு எழுதுவாங்களோ?"

"எழுதற ஆளுங்கதான் சார். அந்தப் பதினொண்ணு ஒருத்தரே போதும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கறுப்புப் பேனாவை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். வந்த கடிதங்களுக்கு ஏழு நாளுக்குள் பதில் போக வேண்டும், அச்சடித்த தாள் கிடையாது, கையால் எழுத ஓர் ஆள் தேவை, வரவு நிற்கும் என்ற நம்பிக்கை இல்லை. ஆள் வரும் வரை அந்த முப்பத்தேழுக்கும் அவளையே பதில் எழுதச் சொன்னார்.

பூட்டு விற்பனை குறைந்துகொண்டிருந்த காலம் அது. கம்பெனியைப் பற்றி யாராவது நல்லதாக எழுதினார்கள் என்பதே மேலே இருந்தவர்களுக்குச் செய்தி. புதிதாக ஒரு நிரந்தரப் பதவியை அனுமதித்தார்கள். வழக்கப்படி விளம்பரமும் வந்தது: நன்றிக் கடிதங்களுக்குப் பதில் எழுத உதவியாளர் தேவை. பட்டப்படிப்பு அவசியம். இதே வேலையில் இரண்டு வருட முன் அனுபவம் அவசியம்.

டைப்பிஸ்ட் அக்கா விளம்பரத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதே வேலையில ரெண்டு வருஷமா? ஏன் சார், இப்படி ஒரு வேலை உலகத்துல வேற எங்கேயாவது இருக்கா?" என்றாள்.

"விதிம்மா. நான் என்ன பண்ண?" என்றார் அவர்.

எண்பது பேர் விண்ணப்பித்தார்கள். எண்பத்தொன்றாவதாக அவளும் போட்டாள். அந்த எண்பத்தொரு உறைகளுக்கும் எண் போட்டது அவள்தான்.

மாதத்தின் கடைசி நாள். மேஜையைத் துடைத்து, தொட்டிச் செடியையும் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்ப் பிரிவுத் தலைவர் முன்னால் நின்றாள். அவர் நிமிரவில்லை. பதிவேட்டில் எதையோ எழுதி முடித்து, மேஜை மேலிருந்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அனுபவச் சான்றிதழ். அதில் இப்படி இருந்தது: 'மேற்படி பணி இக்கம்பெனியைத் தவிர வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. இங்கும் அது தொடங்கி மூன்று வாரங்களே ஆகின்றன. எனவே விண்ணப்பதாரரின் மூன்று வார அனுபவமே இத்துறையில் சாத்தியமான முழு அனுபவம். விளம்பரத்தில் கேட்ட இரண்டு வருடம் என்பதை முழு அனுபவம் என்று பொருள் கொண்டு இவரைப் பரிந்துரைக்கிறேன்.'

கீழே அவருடைய பச்சைக் கையெழுத்து. அதற்கும் கீழே இன்னொரு பச்சைக் கையெழுத்து. தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டிருந்தது.

"சார், நீங்க எனக்காக..."

"உனக்காக ஒண்ணும் இல்லை. வந்த கடிதத்தை எல்லாம் அதிகாரி படிக்கணும்னு விதி இருக்கு. படிச்சேன், முப்பத்தேழையும்." மூன்று பேனாக்களையும் பையில் சொருகிக்கொண்டார். "மத்த எண்பது பேருக்கும் நாளையிலேர்ந்து வருத்தக் கடிதம் போகணும். இடத்தை வீணாக்காதே." கொஞ்சம் நின்று, மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். "இது முப்பத்தெட்டாவது. நேத்து வந்தது. நானூத்திப் பன்னிரண்டு சம்பந்தமா. ஏழு நாள்ல பதில் போகணும்."

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தாள். மோட்டார் ரிப்பேர் ரசீதின் பின்பக்கம். எண்ணெய்க் கறை படிந்த கட்டை விரல் அடையாளம் ஓரத்தில். வார்த்தைக்கு வார்த்தை அழுத்தி எழுதிய எழுத்து.

'ஐயா, என் மகளுக்கு வேலை இல்லை என்று நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அவள் மனம் நோகும் என்று காட்டவில்லை. தினமும் காலையில் கிளம்பிப் போகிறாள். எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை. நேரம் வரும்போது அவளே சொல்வாள். கடிதத்தின் அடியில் பயப்பட ஒன்றும் இல்லை என்று ஒருவர் கையால் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட நோட்டில் பார்த்த எழுத்து மாதிரி இருக்கிறது. எனக்குக் கண் சரியில்லை, தப்பாகவும் இருக்கலாம். அவர் யாராக இருந்தாலும் நல்ல பிள்ளை. அவர் சொன்ன ஆறுதல் எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன். அவரிடம் மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். டப்பா தினமும் பாதியாகவே திரும்பி வருகிறது என்று என் மனைவி வருத்தப்படுகிறாள்.'

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய், நடந்து வீட்டுக்கு வந்தாள். அப்பா வாசலில் உட்கார்ந்து ஒரு மோட்டாரின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிட நினைத்தாள். மேலே ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை நாள் பொறுத்தவரிடம் வாசலில் நின்றுகொண்டு கொட்டுவது மரியாதை இல்லை என்று பட்டது. தவிர, விதி என்று ஒன்று இருக்கிறது.

மறுநாள் நிரந்தர உதவியாளராக அவள் எழுதிய முதல் கடிதம் அந்த நானூற்றுப் பன்னிரண்டுக்குத்தான்.

'அன்புடையீர், தங்கள் கடிதம் கவனமாகப் படிக்கப்பட்டது. தங்கள் மகள் தினமும் கிளம்பி வந்தது இந்த அலுவலகத்துக்குத்தான். இதுவரை தற்காலிகமாக இருந்தார். அதைத் தங்களிடம் மறைத்ததற்கு வருந்துகிறார். இன்று முதல் நிரந்தரம். தாங்கள் தெரிவித்த இன்னொரு விஷயம் உரியவரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.'

கையெழுத்துப் போட்டாள். இந்த முறை யாருக்காகவும் இல்லை, தன் பெயரையே போட்டாள். கீழே மூன்று விரல் இடம் இருந்தது. அங்கே எழுத அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுத வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டவள்போல மடித்து உறையில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் வீடு திரும்பியபோது அப்பாவின் சட்டைப் பையில் ஓர் உறையின் ஓரம் வெளியே தெரிந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்ததும், அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து மூடியைத் திறந்து பார்த்தார். காலி.

"இங்க பாரு" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "நிரந்தர வேலைக்காரங்களுக்கு இந்த டப்பா பத்தாது. நாளைக்குப் பெருசா ஒண்ணு எடு."